வேதமுத்து மன்னிப்புக் கேட்டாராமே!

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அலி அக்பர், என் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் இனி எங்கும் ஓட முடியாது என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தார்.

"கேட்டீராவே? வேதமுத்து சாரு ஒரு பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாராம்."

"எந்த வேதமுத்து?"

"காலேஜ் ஃபுட்பால் கோச்சுவே. நம்ம கடையிலதான பந்துக்குக் காத்தடிக்காவ."

நான் நம்பவில்லை. தாமிரபரணி திரும்பிப் பாபநாசத்தைப் பார்த்து ஓடுகிறது என்று சொல்லியிருந்தால், பாலத்துக்குப் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்திருப்பேன். இதற்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் மறுநாள் டவுண் பஸ்ஸில் அதே பேச்சு. கோச் கண்ணீர் விட்டார் என்றார் ஒருவர். காலில் விழுந்தார் என்றார் அடுத்த சீட்டுக்காரர். ஜங்ஷன் வருவதற்குள் அவர் வேலையையே ராஜினாமா செய்துவிட்டார். சரி, இதற்கு மேல் விட்டால் மனிதரை மலையேற்றிச் சாமியாராக்கிவிடுவார்கள் என்று பயந்து, விசாரிக்கக் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன் இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். 'திட்டித் திருத்துவோர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆபீஸில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, அடுப்படியிலும் உண்டு. ஆனால் நல்ல வெயிலும் காற்றும் பட்டு முழு வளர்ச்சி அடைந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், சாயங்காலம் கால்பந்து மைதானத்துக்குத்தான் போக வேண்டும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு நாற்காலி. அந்த நாற்காலியில் வேதமுத்து சார் உட்கார்ந்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. அது ஏறி நின்று திட்டுவதற்காக வாங்கியது. அவர் பாளையங்கோட்டையில் "ஏலே!" என்றால் வண்ணார்பேட்டையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பந்தை விட்டால் திட்டுவார், அது நியாயம். பிடித்தால்? "பிடிச்சிட்டு என்னலே போட்டோவுக்கா நிக்கே?" கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவனிடம், "இத முதல்லயே போட்டா என்ன, ஊறுகாயா போட்டு வச்சிருந்தே?" நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு வந்து நின்றால், "அஞ்சாவது எங்கலே?" போன வருஷம் அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்தபோது, நடுநிசியில் டிவிக்கு முன்னால் நின்று பிரேசில்காரர்களைச் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் அவர் வழிநடத்தியதை அவர் குடியிருக்கும் தெரு இன்னும் மறக்கவில்லை. அவர்கள் கோப்பையை வாங்கினார்கள். அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர் சொன்னதில்லை, மறுத்ததும் இல்லை.

இந்த இனத்துக்கு ஒரு தத்துவம் இல்லாமல் இருக்குமா?

"பயம் இருந்தாத்தான்வே மரியாதை இருக்கும். எங்க கோச் எங்களைக் கம்பால அடிப்பாரு. இன்னைக்கும் அவரு முன்னால நான் உக்காரமாட்டேன்."

உண்மைதான். அந்தப் பழைய கோச் சமாதானபுரத்தில் இன்றைக்கும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். நம்மவர் அந்தத் தெரு வழியாகப் போகாமல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார். எனவே உட்காருவதா நிற்பதா என்ற பிரச்சினையே எழுவதில்லை.

தன் மாணவர்கள் தன்மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு அவர் ஒரு ருசுவும் வைத்திருந்தார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது வேன் ஆறு மணிக்கு என்றால், பையன்கள் ஐந்தரைக்கே வந்து ஏறி உட்கார்ந்திருப்பார்களாம். "வேற எந்தக் காலேஜ்லயாவது உண்டுமாவே? கண்டிப்புன்னா இதுதான்!" இதைப் பற்றி அணியின் கேப்டன் எஸ்றாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தான், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கடைசியா ஏறுதவன் சாரு பக்கத்து சீட்ல உக்காரணும் சார். அதனாலதான் எல்லாரும் அஞ்சரைக்கே வந்துருதோம்."

இதைச் சொல்லிவிட்டு, "எழுதிராதிய சார்" என்றான். எழுதவில்லை தம்பி, அச்சடிக்கத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. பையன்கள் அந்தத் திட்டுகளுக்குப் பழகியிருந்தார்கள். நனைந்தவனுக்கு மேற்கொண்டு மழை என்ன செய்யும்? திட்டு வாங்காதவனுக்குத்தான் அங்கே பயம். அவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை என்று அர்த்தம். இப்படி இரண்டு வருஷமாக அன்றாடம் வாங்கிக்கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகுமுன் விடுதியில் அதையே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தவன் கோல்கீப்பர் சிவசைலம். அவன்தான் ஒரு நாள் கையுறையைக் கழற்றிவிட்டான்.

நடந்தது வள்ளியூரில், பல்கலைக்கழகப் போட்டியின் அரையிறுதியில். சிவசைலத்தின் அப்பா குமரகுருபரன், டவுணில் ஒரு பாங்கில் அதிகாரி, பையன் மாசக்கணக்கில் கூப்பிட்டும் வராமல், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, உருண்டு, யோசித்து, நின்று, மறுபடி உருண்டு வந்த ஒரு பந்து சிவசைலத்தின் காலிடுக்கு வழியாக வலைக்குள் போனது. இருந்தாலும் நம்மவர்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வேதமுத்து சார் நாற்காலிமேல் ஏறினார்.

"ஏலே சைலம்! ரெண்டு கம்புக்கு நடுவுல உன்னைய நிறுத்துனதுக்கு, ஒரு கொடியக் கட்டிருக்கலாம்லே. நாலு வேட்டியாவது காஞ்சிருக்கும்!"

குமரகுருபரன் சிரித்தார். சும்மா இல்லை, வாய்விட்டு, வயிறு குலுங்க, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளின் தோளைத் தட்டிச் சிரித்தார்.

மறுநாள் பயிற்சிக்குச் சிவசைலம் வரவில்லை. கையுறைகள் மட்டும் வந்து கோச் அறையின் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கின. இறுதி ஆட்டம் வருகிற சனிக்கிழமை. வேதமுத்து சார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட வாங்கியதில்லை. மாற்று கோல்கீப்பரோ, பந்து வந்தால் முதலில் கண்ணை மூடிக்கொண்டு பிறகு கையை நீட்டுகிறவன். எஸ்றா தூது போனான். சிவசைலம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான்.

"அப்பா முன்னால வச்சுச் சொன்னாரு. அப்பா முன்னாலயே 'தப்பா சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வாரேன்."

ஒரு வார்த்தைதானே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு நேரம் சொன்னது உங்களுக்கு ஏறவில்லை என்று அர்த்தம். வேதமுத்து சார் அந்த வாரம் பட்ட பாட்டை அவர் மனைவி கிரேஸ் டீச்சர் சொல்லிக் கேட்க வேண்டும்.

"குளிக்கப்போன எடத்துல சத்தம் கேட்டுது அண்ணாச்சி. யாருகிட்ட பேசுதாவன்னு காதை வச்சேன். 'தப்பா சொல்லிட்டேன், தப்பா சொல்லிட்டேன்'னு ஒத்திகை பாக்காவ. மூணாவது தடவை 'தப்பா சொல்லிட்டேம்லே எருமை, அதுக்கென்ன இப்போ'ன்னுட்டாவ. வெளிய வந்தவுடனே, 'இது நமக்குச் சரிப்படாது கிரேஸ்'னு ஒக்காந்துட்டாவ."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னத்தச் சொல்ல? கல்யாணமாயி இத்தனை வருஷத்துல குழம்புல உப்பு கூடினா வாயைத் தொறப்பாவ. சரியா இருந்தா தட்டை வழிப்பாவ. அந்தத் தட்டு சத்தத்தை வச்சித்தான் நானே பாஸா ஃபெயிலான்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

வியாழக்கிழமை சாயங்காலம், வேறு வழியில்லாமல், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வீடு காட்ட எஸ்றாவையும் கூட்டிக்கொண்டு, கோச் டவுணுக்குப் போனார். இனி வருவதெல்லாம் எஸ்றா கண்ணால் கண்ட சாட்சி.

குமரகுருபரன் வாசலுக்கே வந்து வரவேற்றார். காப்பி வந்தது. சிவசைலம் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோச் மழையைப் பற்றிப் பேசினார். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்தார். பாங்கில் கூட்டம் எப்படி என்றார். பாங்கில் எத்தனை ஜன்னல் என்றுகூடக் கேட்டார். காப்பி தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது.

"தம்பி..." என்றார்.

சிவசைலம் திடுக்கிட்டான். எஸ்றாவும் திடுக்கிட்டான். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததில்லை. கோச்சின் முகம் சிவந்தது. சட்டென்று எழுந்து, பையனை விட்டுவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏன்வே, நான் ஏசுவேன். அது என் பொழப்பு. நீரு எதுக்குவே சிரிச்சீரு?"

குமரகுருபரன் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அந்த ஆட்டத்துல எட்டுப் பந்து வந்துது. ஏழு பிடிச்சான். அது உமக்குத் தெரியுமா? மொத நாளு பெத்தவரு வந்துருக்காருன்னு ஒவ்வொண்ணையும் பிடிச்சிட்டு உம்மையத்தாம்வே பாத்தான். நான் அங்கன நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். பெத்தவரு சிரிக்கலாமா?"

வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரரை அவர் கூடத்திலேயே வைத்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். குமரகுருபரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையனைப் பார்த்து, "தப்புதான்யா. நான் சிரிச்சிருக்கப்பிடாது" என்றார்.

ஆக, மன்னிப்புக் கேட்கப்பட்டது உண்மை. கேட்டவர் வேறு ஆள். கூடத்தில் இருந்த செய்தி தெருவுக்கு வருவதற்குள் பெயர் மாறிவிட்டது; நம் ஊர்ச் செய்திகளுக்கு அது சகஜம்.

சனிக்கிழமை சிவசைலம் வந்தான். எஸ்றா கையுறையை நீட்டினான், இவன் மாட்டிக்கொண்டான். ஒன்றுக்குச் சைபர் என்று நம்மவர்கள் முன்னால் நிற்க, கடைசி நிமிஷங்களில் எதிரணிக்காரன் ஒருவன் மூலையைப் பார்த்து விட்ட பந்தைச் சிவசைலம் பக்கவாட்டில் பறந்துபோய் விரல் நுனியால் தள்ளினான். மைதானமே எழுந்து நின்றது. வேதமுத்து சார் நாற்காலிமேல் நின்றபடி வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, இதுவரை வராத ஒன்று, வெளியே வரப் பார்த்தது என்று எஸ்றா சத்தியம் செய்கிறான். அது வந்துவிடாமல் தடுக்க அவருக்குக் கிடைத்தது கழுத்தில் தொங்கிய விசில்தான். எடுத்து வாயில் அடைத்து ஊதிவிட்டார். இரண்டு அணிகளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ரெஃப்ரி தன் விசிலைப் பார்த்தார், பிறகு கோச்சைப் பார்த்தார், பிறகு அவரை மைதானத்தை விட்டே வெளியேற்றினார். பல வருஷம் காத்திருந்த கோப்பையைத் தன் பையன்கள் ஜெயித்ததை, சைக்கிள் ஸ்டாண்டின் தகரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரே கோச் அவராகத்தான் இருப்பார்.

இவ்வளவும் கேட்ட பிறகு அவரையே நேரில் பிடித்தேன்.

"மன்னிப்புக் கேட்டீரா, இல்லையா?"

"யாரு, நானா? எவம்வே சொன்னான்?"

"ஊரே சொல்லுதே."

"ஊருக்கு என்னவே தெரியும்?" என்றார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, அவருடைய குரல்தானா என்று நான் சந்தேகப்படும்படி, பைய, "பய நல்லா ஆடுனான்" என்றார்.

"அவன்கிட்ட சொன்னீரா?"

"உம்மகிட்ட சொல்லிட்டேம்லா. நீரு பாத்தா சொல்லிரும்."

"அந்த வேட்டி காயப்போட்ட பேச்சு?"

"அதுக்குக் கேக்க வேண்டியதையும் சேத்துச் சொல்லிரும்."

சொன்னேன். சிவசைலம் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டான்.

"அப்பா சொல்லிட்டாரு, அது முடிஞ்சுது சார். இத உங்க கையில வாங்கமாட்டேன்."

"ஏம்லே?"

"நீங்க என்னைய ஏசலியே சார்."

"அவருமேல மரியாதை இல்லியா உனக்கு?"

"இருக்கப்போயித்தான் அவருகிட்டயே வாங்கணும்ங்கேன்."

நீங்கள் இதை உரக்கப் படித்துவிட்டு உங்கள் பழைய ஹெட்மாஸ்டரையோ இப்போதைய மேனேஜரையோ நினைத்துச் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தும் சிரிக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

எனக்கு இப்போது சிக்கல் வேறு. வேதமுத்து கொடுத்தனுப்பியது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. கொடுத்தவரிடம் திருப்பிக் கொண்டுபோனால், "அதான் குடுத்துட்டேம்லா" என்று நாற்காலிமேல் ஏறுகிறார். சேர வேண்டியவன் கையை நீட்டமாட்டேன் என்கிறான். உங்களிடமும் யாருக்காவது சேர வேண்டிய இப்படி இரண்டு வார்த்தை கிடந்தால், தயவுசெய்து என்னிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.