விருந்தோம்பலில் முதல் வகுப்பு

போடிக்குப் பக்கத்துச் சிலமலைக் கிராமத்துக் காசிமாயன் சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் மேலாண்மையில் முதுகலை படித்தான். விருந்தோம்பலுக்குமா பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. எண்பத்தாறாம் வருஷத்தில் எதற்குத்தான் பட்டம் இல்லை? "பட்டத்தோட வா மாப்ளே, செல்லக்கிளியைக் கட்டித் தர்றேன்" என்று தாய்மாமன் ராக்கையா சொல்லியிருந்தார்.

பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு. முன்பின் அறியாத விருந்தினர் ஒருவர் குறை சொல்ல வேண்டும். மேற்படி குறையை மாணவன் அக்கணமே தீர்க்க வேண்டும். தேர்வாளர் அதை நேரில் காண வேண்டும். குறை இல்லையேல் பட்டம் இல்லை.

மலைக்குப் போகும் ஜீப்பைத் தவறவிட்டு போடியில் நின்ற ஏலத்தோட்டத் தொழிலாளி கன்னையனை, காசிமாயன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தான். மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் வேலுச்சாமி, நேரடிக் கண்காணிப்பின் பொருட்டுப் பக்கத்து இலையில் அமர்ந்தார். ஆத்தா பாண்டியம்மாள் அசந்த நேரம் பார்த்து, குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டான் காசிமாயன்.

கன்னையன் ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கோத்தது.

"அருமையா இருக்கு ஆத்தா. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

"குறை இருந்தாச் சொல்லுங்கண்ணே."

"தின்ன சோத்துல குறை சொல்ற வம்சமா தம்பி நாங்க?"

தண்ணீர்ச் செம்பை ஒளித்து வைத்தான். "தண்ணி குடிச்சா சோத்துக்கு எடம் பத்தாது" என்றார் கன்னையன். காசிமாயனுக்கு அழுகை முட்டியது. செல்லக்கிளி கைவிட்டுப் போகிறாளே!

அப்போதுதான் வேலுச்சாமி முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

"த்தூ! மனுசன் திங்கிற குழம்பா இது?"

கன்னையன் கையை உதறினார். "தம்பி, இப்பச் சொல்றேன் குறை. சோறு போட்ட ஆத்தாவை வையிற ஆளு பக்கத்துல இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

குறை வந்துவிட்டது!

"ஐயா, வெரசா எந்திரிங்க."

"நான் தேர்வாளர்ப்பா!"

"நீங்க போட்ட விதிதாங்கய்யா. அக்கணமே தீர்க்கணும்."

"அடப்பாவி, இலையில உக்காந்தவுகளை எழுப்புறியே, வெளங்குவியா?" என்று பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

எச்சில் கையோடு வெயிலில் போய் நின்ற வேலுச்சாமி, சற்று யோசித்துவிட்டு, முறைப்படி அறிவித்தார்: "விருந்தினரின் குறை தீர்க்கப்பட்டது. முதல் வகுப்பு."

ஊர் காறித் துப்பியது. பாண்டியம்மாள் மகன் முகத்தில் விழிக்கவே இல்லை. அவள் பரிமாறிய பந்தியில் அதுவரை யாரும் பாதியில் எழுந்ததில்லை. பட்டம் வந்து சேர்ந்ததும் ஊர் வாயைத் துடைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்தது.

பந்தியில் ராக்கையா மருமகன் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, எம் மகனையும் அந்தப் படிப்புல சேத்துவிடுங்க. உக்காந்தவனை எழுப்பத் தெரிஞ்சாத்தான் இந்தக் காலத்துல பெரிய எடத்துக்குப் போகலாம் போலருக்கு."