சிம்பிள் யானையும் சுங்காய் பஸ்ஸும்

புந்தோங், ஈப்போ.
ஞாயிற்றுக்கிழமை, மழை நேரம்.

என் மதிப்புக்கும் என் கடைசி நம்பிக்கைக்கும் உரிய சுங்காய் மாமா அர்ச்சுனன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் கலாதேவி வணங்கி எழுதுவது. இங்கு அம்மா, அப்பா, நான் மூவரும் உடலால் சுகம். மனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கு நீங்களும் அத்தையும் உங்கள் முழங்காலும் சுகமாக இருக்க எல்லாம் வல்ல மாரியாத்தாவை வேண்டுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் உங்கள் எண்ணெய் மில்லுக்குக் கடிதம் போடுகிறாள் என்று நீங்கள் யோசிப்பீர்கள். உங்கள் போன் அத்தையின் கையில் இருக்கிறது, மாமா. போன மாதம் உங்களுக்கு மட்டும் என்று நான் அனுப்பிய குரல் பதிவை அத்தை நம் பழைய தோட்டத்து ஆட்களின் 'மூணாம் டிவிஷன் சொந்தங்கள்' வாட்சாப் குழுவில் ரோஜாப்பூ படத்தோடு போட்டுவிட்டார். அதில் நான் அந்தக் குழுவைப் பற்றியே நாலு வார்த்தை சொல்லியிருந்தேன். அதனால்தான் லோரி எடை போடும் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். வீட்டில் வைக்காதீர்கள்.

விஷயம் என் கல்யாணம். தை மாதம் நம் கோவிலில் காலையில் தாலி, நாற்பது பேர், பிறகு ரசாக் பாய் கடையில் வாழை இலைச் சாப்பாடு, அவ்வளவுதான் என்று நானும் யுகேந்திரனும் முடிவு செய்திருந்தோம். தாலி கட்டுகிற அன்று மரக்கறிதான், பாத்திரமெல்லாம் தனி என்று பாயே சொல்லிவிட்டார். யுகேந்திரன் ஊரார் வீட்டு ஏர்கோன் பழுது பார்க்கிறவர், நான் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் லோரிகளை அனுப்புகிறவள். எங்களுக்கு ராஜா ராணி வேஷம் பொருந்தாது. இதை அம்மாவிடம் சொல்லும்போதுதான் நான் தவறு செய்தேன். 'நாற்பது பேர்' என்று சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். 'சிம்பிளா செஞ்சிக்கலாம்மா' என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் உடனே, "நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். அன்று முதல் இந்த வீட்டில் எல்லோரும் சிம்பிள் என்ற ஒரே சொல்லைத்தான் பேசுகிறோம். ஆளுக்கொரு கல்யாணத்தைப் பேசுகிறோம்.

எனக்கு அந்தச் சொல் மீது ஏற்கெனவே சந்தேகம் உண்டு. குவாரியில் ஓர் ஆள் வேலையை விட்டு நின்றால் முதலாளி டவ்கே என் மேசைக்கு வந்து, "இது சிம்பிள் வேலைலா, நீயே பாத்துக்க" என்பார். இப்படியே மூன்று பேர் வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. சம்பளம் கூட்டிக் கேட்டால், "இவ்ளோ சிம்பிள் வேலைக்கா?" என்கிறார். கோவில் தலைவர் மைக்கைப் பிடித்து "நம்ம ஜனங்க சிம்பிளான ஜனங்க" என்றால், எதையும் எதிர்த்துக் கேட்காத ஜனங்கள் என்று பொருள். சொல்லிவிட்டு முன்வரிசையில் சோபா நாற்காலியில் உட்காருவார். சிம்பிளான ஜனங்கள் பின்னால் நின்றுகொண்டே கைதட்டுவார்கள். ஆக, இந்தச் சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார் என்று பார்த்துத்தான் மாமா பொருள் எடுக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும் என் கல்யாணத்தில் நானே அந்தச் சொல்லை அவிழ்த்துவிட்டேனே!

முதலில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யுகேந்திரனின் அம்மா சரளா அத்தை வந்தார். "நாங்க ரொம்ப சிம்பிளான குடும்பம். வாய் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார். சொன்னபடியே கேட்கவில்லை. மூத்த மருமகளுக்கு அவள் வீட்டில் என்னென்ன போட்டார்கள் என்பதை மட்டும் தேநீர் ஆறுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா முகம் வெளுத்து, இன்னும் கொஞ்சம் முறுக்கு கொண்டுவர உள்ளே போனார். பிறகு சரளா அத்தை சிம்பிளாக மேக்கப் போடுகிற ஒரு அக்காவை அனுப்பிவைத்தார், ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று. காலையில் தொடங்கியவர் மத்தியானச் சோற்றுக்குக்கூட என்னை வாய் திறக்க விடவில்லை. அவர் முடித்த நேரத்தில் யுகேந்திரன் வந்தார், வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வணக்கம் ஆண்ட்டி, கலா இல்லீங்களா?" என்றார். மாமா, நான் கட்டிக்கொள்ளப் போகிறவர்! அப்பா மட்டும்தான் எதிலும் தலையிடவில்லை. அவருக்குச் சிம்பிள் என்றால் அவரிடம் யாரும் எதையும் கேட்காமல் இருப்பது.

அடுத்து அலங்காரக்காரத் தம்பி பவித்ரன், ஒரு படப் புத்தகத்தோடு வந்தார்.

"அக்கா, நம்மகிட்ட மூணு சிம்பிள் இருக்கு. சிம்பிள் எலகன்ட், சிம்பிள் கிராண்ட், சிம்பிள் ரோயல்."

"வெறும் சிம்பிள் இல்லியா?" என்றேன்.

"அத யாருமே எடுக்கறதில்லக்கா. படம்கூட எடுத்து வைக்கல."

அம்மா மூன்றாவதைத் தொட்டார். அதில் இரண்டு யானை இருந்தது. நான் கேட்டதற்கு, "பயப்படாதீங்கக்கா, உசுரு யானை இல்ல. டிவி பெட்டியில வெக்கிற போம்ல செஞ்ச யானைதான், சிம்பிள்" என்றார். அவருடைய ஸ்டோருக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதாம். 'பார்த்த மாதிரியும் இருக்கும், வைத்த மாதிரியும் இருக்கும்' என்று இரண்டில் ஒரு யானையை எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அதன் கழுத்தில் செவ்வந்தி மாலை. அதற்கடுத்து அறுகம்புல், கற்பூரம். "போம்மேல கற்பூரத்தக் கொளுத்தாதீங்க, வீடே எரிஞ்சிரும்" என்று நான் கத்தினால், நான் சாமியைத் திட்டுவதாக அம்மா என்னைத் திட்டுகிறார். அப்பா அதன் முன்னால் செருப்பை விடக்கூடாது என்று உத்தரவு, அதனால் அவர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறார். அடுத்த சந்திலிருந்து ஓர் ஆள் டார்ச்சோடு வந்து, யானையின் காலடியில் லாட்டரிக்கு நாலு நம்பர் தெரிகிறதா என்று தேடினார். வேலை கொடுக்கிறவன் ஏமாற்றுகிறான், நிலத்தை வைத்திருக்கிறவன் விரட்டுகிறான், நம் ஆட்கள் போம் யானையிடம் நம்பர் கேட்கிறார்கள்! இதற்கு நான் கோபப்படக் கூடாதா? பிறகு பெரிய மழை அடித்தது. தங்கச் சாயம் கரைந்து சாக்கடையில் ஓட, தும்பிக்கை கழன்று யுகேந்திரனின் மோட்டார் சைக்கிள் மேல் விழுந்தது. பவித்ரன் வந்து டேப் சுற்றிவிட்டு, "இப்பதான்க்கா இன்னும் சிம்பிளா இருக்கு" என்றார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். அம்மா வாட்சாப் குழுவில் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. நீங்களும் படித்திருப்பீர்கள், என்றாலும் மறுபடி படியுங்கள்: "அன்பான சொந்தங்களே, எங்க கலா கல்யாணத்த ரொம்ப சிம்பிளா செய்றோம். அதனால கார்டு அடிக்கல, வெத்தல பாக்கு வெச்சு நேர்ல வந்து கூப்பிட முடியல. இதையே நேர்ல வந்து கூப்பிட்டதா நெனச்சுக்குங்க."

மாமா, நம் ஆட்களின் ரோஷம் உங்களுக்குத் தெரியும். வெற்றிலைத் தட்டோடு வீட்டு வாசலில் வந்து நிற்காத கல்யாணத்துக்கு ஒரு குஞ்சும் வராது. கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார்கள், பிறகு பத்து வருஷம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். எத்தனையோ ஏழை அப்பாக்களைக் காப்பாற்றிய வேலி அது. அம்மா போனில் ஒரே தட்டில் அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது மூணாம் டிவிஷன் ஜனம் எங்கெங்கே சிதறியதோ, அங்கிருந்தெல்லாம் பதில் வந்தது. "சிம்பிள்னா புள்ளைங்களயும் கூட்டியாரலாம்லா." "அப்ப கோட்டு சூட்டு வாடகைக்கு எடுக்க வேணாம் மச்சான், வேட்டியே போதும்." "சிம்பிளா வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போறோம்." எல்லாவற்றுக்கும் கீழே, யார் என்று பார்த்தால், நீங்கள்! "சுங்காய் ஆளுங்களுக்கு பஸ் நா பாத்துக்கிறேன்." பக்கத்தில் பஸ் படம் வேறு.

அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை. செல்லாயி பெரியம்மா, தோட்டத்தில் அம்மாவுக்கு அடுத்த நிரையில் ரப்பர் மரம் சீவியவர், ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். "மாரியம்மா, இப்பல்லாம் கல்யாணம்னா டேவான்ல, பெரிய ஏர்கோன் மண்டபத்துல வெக்கிறாங்க. வாசல்ல கோட்டு போட்ட பையன் பேரக் கேட்டு மேச நம்பர் சொல்றான். உள்ள போனா குளிரு. என்னத்த உடுத்திட்டுப் போறதுன்னு தெரியாம நா எதுக்குமே போறதில்லடி. ஒம்மவ கல்யாணம் சிம்பிள்னு போட்டிருக்க. அப்ப நா வரலாம்தானே?"

அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

நேற்று ரசாக் பாய் கடைக்குப் போனேன். சாப்பாடு சிம்பிளாகத்தான் என்று வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அத மட்டும் சொல்லாதம்மா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தரு சிம்பிள்னாரு, எங்கூட்டுக்கு வெச்ச ஊறுகாயும் காலி. தலையச் சொல்லு. எத்தன தலை?"

"நாப்பது, பாய்."

"உங்கம்மா வேற மாதிரி சொல்லிட்டுப் போனாங்களே."

"எத்தனன்னு சொன்னாங்க?"

"சிம்பிள்னாங்க."

புந்தோங்கில் என் கல்யாணத்தைப் பற்றித் தெளிவாகக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஆகவே மாமா, அம்மா இந்த உலகத்தில் ஒரே ஒருவர் பேச்சைத்தான் கேட்பார். அண்ணன் பேச்சை. போனை அத்தையிடமிருந்து வாங்கி, "வேணாம் மாரி, நாப்பது பேரு போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஸ்ஸை நிறுத்துங்கள். சீர்த்தட்டு தூக்கி வராதீர்கள். தாய்மாமன் மாலை ஒன்றும், அதைப் போட நீங்களும் அத்தையும் போதும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் அந்த யானையோடு சேர்ந்து மழையில் நிற்பேன், இது சத்தியம்.

அத்தைக்கு என் அன்பு, இந்தக் கடிதத்தைப் பற்றித் தவிர. உங்கள் முழங்காலுக்கு அம்மா எண்ணெய் அனுப்பியிருக்கிறார். உங்கள் ஆசீர்வாதம் என் தலையிலும், உங்கள் வார்த்தை அம்மாவின் காதிலும் விழட்டும்.

மணமகளாகும் முன்னே மனம் நொந்த மருமகள்,
கலாதேவி த/பெ கனகராஜ்

பி.கு.: செவ்வாய்க்கிழமை. உறையை ஒட்டி ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். ஸ்டாம்பை வீணாக்க மனமில்லாமல் பிரித்து இதையும் சேர்க்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் சொல்லித் தொலைத்துவிட்டேன். நீங்கள் கடிதம் படிக்கிற வரைக்கும் பொறுமையில்லாமல் ஞாயிறு சாயங்காலம் அம்மாவோடு பெரிய சண்டை போட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, "மன்னிக்கணும் சொந்தங்களே, குடும்பத்து ஆளுங்க மட்டும்தான்" என்று குழுவில் போட்டார். நான் ஜெயித்தேன். மறுநாள் குழுவில் காலை வணக்கப் படம்கூட வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு பதில் வந்தது, செல்லாயி பெரியம்மாவிடமிருந்து. "பரவால்ல மாரி. சிம்பிள்னா அப்படித்தானே." கீழே ஒரு கும்பிடு.

இத்தனை பேர் அந்தச் சொல்லுக்கு இத்தனை பொருள் சொன்னார்கள் என்று உங்களிடம் பக்கம் பக்கமாகக் கோபப்பட்டேன். 'நீ வர வேண்டாம்' என்ற பொருளை அதற்குக் கொடுத்தது நான்தான் மாமா. டவ்கேகூட எனக்கு அதைச் செய்ததில்லை.

அம்மாவின் போனைப் பிடுங்கி நானே பேசிப் போட்டுவிட்டேன்: "பெரியம்மா, கோட்டு போட்ட பையன் கெடையாது, மேச நம்பர் கெடையாது, குளிரும் கெடையாது. எல்லாரும் வாங்க. நா கலா பேசுறேன், இது நேர்ல வந்து கூப்பிட்டதுதான்." கோவில் திடலில் கூடாரம் போடுகிறோம். யுகேந்திரன், "நாப்பது பேருன்னு நீதானே சொன்ன?" என்றார். "அது சிம்பிளா சொன்னது" என்றேன். ரசாக் பாய், "எத்தன தலை?" என்றார். "தெரியல பாய்" என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டு பெரிய சட்டியைத் தேடப் போனார். யானையும் வருகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நம்பர் அடித்துவிட்டது. இனிமேல் அதை இந்தத் தெருவிலிருந்து யாராலும் தூக்க முடியாது.

செல்லாயி பெரியம்மாவுக்குப் பஸ்ஸில் முன் சீட்டு. சீர்த்தட்டு உங்கள் இஷ்டம். பஸ் ஒன்று போதாது என்று நினைக்கிறேன். சிம்பிளாக இரண்டு வைத்துவிடுங்கள்.