அம்மி இளைத்த வெள்ளிக்கிழமை

பாறசாலையில் இப்போது யாரும் யாரையும் "சுகமா?" என்று கேட்பதில்லை. "எத்தனை குலை?" என்றுதான் கேட்கிறார்கள்.

குலை என்றால் வாழைக்குலை. "பன்னிரண்டில் இருந்தேன், எட்டுக்கு வந்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், எதிரே நிற்பவர் பொறாமையோடு தன் தொந்தியைத் தடவிக்கொள்கிறார். உடம்பைக் குலையில் அளக்கும் இந்த வித்தையை ஊருக்குத் தந்தவர் லகுவானந்த சுவாமி. லகு என்றால் கனமில்லாதது. சுவாமி உட்காரும் நாற்காலியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தால் ஆசிரம வாசலில் திருவிழாதான். அம்பூரியிலிருந்து ரப்பர் தோட்டக்காரர்கள் ஜீப்பில் வருவார்கள். பாலராமபுரத்திலிருந்து பெண்கள் பஸ்ஸில் வருவார்கள். ஒரு நடைக்கு இரண்டு பேருக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று ஆட்டோக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டயர் அவர்களுடையது அல்லவா? வாசலில் ஆளுயர பேனர்: "பசியைக் கட்டுவோம்! கல்லும் இளைக்கும்!"

சுவாமி முன்பு வெறும் மோகனன். பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டினார். கரையில் கிடந்த தென்னை மட்டையை முதலை என்று காட்டி வெளிநாட்டுக்காரர்களை அலறவிட்டவர். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதைத்தான் மனிதன் நம்புகிறான் என்ற ஞானம் அவருக்கு அந்தப் படகில்தான் கிடைத்தது.

அவருடைய தத்துவம் எளிது. உனக்கு வருகிற பசி உன்னுடையதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் பசி சுவர் தாண்டி வந்து உன் வயிற்றில் புகுந்துகொள்கிறது. விரதத்துக்கு நடுவே நீ நாலு பொரோட்டா தின்றுவிட்டாயா? அழாதே. தின்றது நீ இல்லை, அவன்.

கேட்டவர்களுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பின்னே? டாக்டரிடம் போனால் திட்டுகிறார். வீட்டில் மகன் கேலி செய்கிறான். குற்றத்தைத் தூக்கி அடுத்த வீட்டில் போட்டுவிட ஒரு சுவாமி கிடைத்தால் விடுவார்களா? ஆசிரமத்துக்கு எதிரே ராஜதாஸ் ஒரு பொரோட்டாக் கடை போட்டான். அடுத்தவர் பசிக்காகத் தின்ன வருகிறவர்களைச் சமாளிக்க இரண்டாவது கல்லும் வாங்கினான்.

பொன்னப்பன் என்ற பக்தர் தன் மதிலை இரண்டடி உயர்த்தினார். அப்படியும் பசி வந்தது. மதில்மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டுச் சதாசிவனைப் பார்த்துக் கத்தினார்.

"எலே சதாசிவா! உனக்குப் பசிச்சா நீ தின்னுலே. எனக்க வயித்துக்கு என்னத்துக்குலே அனுப்புத?"

"எனக்குப் பசியே இல்லியே அண்ணா. இப்பந்தான் கப்பைக்கிழங்கும் மீனும் தின்னேன்."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டான்! பசியை எனக்கு அனுப்புனதுனாலதானே அவனுக்குப் பசி இல்ல?" என்றார் பொன்னப்பன். தெருவில் கூடியிருந்த கூட்டம் தலையாட்டியது.

ஒரே ஒருவர் மட்டும் சுவாமியின் தொந்தியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். சுவாமி கண் கலங்கினார். "நீங்க விட்ட விசப்பு, அந்தப் பசியெல்லாம் எங்க போவும்? எனக்க வயித்துலயாக்கும் வந்து விழுது." ஊர்ப் பசியைத் தீர்க்க அன்று மதியமும் அவர் இரண்டு பிளேட் கோழிப் பிரியாணியைத் துக்கத்தோடு சாப்பிட்டார்.

சிகிச்சை நாற்பத்தொரு நாள். ஒரு கூட்டத்துக்கு முப்பது பேர். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு. அதற்குப் பெயர் பசிக்கட்டு. காலையில் ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணீர், சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணீர். வெள்ளிதோறும் துலாபாரம். கோயிலில் நேர்ச்சைக்காரர்கள் ஒரு தட்டில் உட்கார்ந்து எதிர்த்தட்டில் பழம் வைப்பார்களே, அதே தராசு. வாரம் ஏற ஏறக் குலைகளின் எண்ணிக்கை குறையும். கூட்டம் கைதட்டும். வேறு எந்த எடை மெஷினிலும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். நிறுத்து முடித்த பழம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பூவார்ப் பக்கத்து விடுதிகளில் அந்த மாதங்களில் காலைப் பலகாரத்தோடு பழம் தாராளமாம்.

முதல் கூட்டத்தில் சேர்ந்தவள் ஆனந்தபாய். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். வயது ஐம்பத்தாறு, இரண்டு கால் முட்டும் தேய்ந்துவிட்டது. படி இறங்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவாள். முட்டு மாற்றும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த டாக்டர், "எண்பத்தஞ்சு கிலோவுக்கு வராம நான் கத்தி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சுவாமியிடம் போனதைத் தன் சர்ச் சபையில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. அங்கே போனால், ஆசிரமத்து வரிசையில் சபையே நின்றது.

இரவில் மறைவாகத் தின்ற சோறு பக்கத்து வீட்டுக்காரன் கணக்கில் போயிற்று. கடைசி வெள்ளியன்று அவள் பன்னிரண்டு குலையிலிருந்து எட்டுக்கு வந்தாள். மாலை போட்டார்கள். ரவிக்கை மட்டும் முன்னைப் போலவே பிடித்தது. அது துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்தோஷத்தோடு ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினாள். தொண்ணூற்றாறு என்றது. முதலில் இருந்த அதே தொண்ணூற்றாறு. டாக்டர் தேதியை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்.

சுவாமிக்கு மகா கோபம். "இரும்பு மெஷின்ல கால் வச்சியா? கட்டு அவிஞ்சு போன குலையெல்லாம் ஒடம்புல திரும்பி ஏறியாச்சு! அடுத்த கூட்டத்துல மறுபடி முதல்லேருந்து தொடங்கு."

ஆனந்தபாய் அழுதாள். அவர்மேல் கோபப்படவில்லை. தன்மேல்தான் கோபம். அந்தக் கோபத்தில் இரவுச் சோற்றை விட்டாள், கஞ்சித்தண்ணீரையும் ஒரு வேளையாகக் குறைத்தாள். நாலாம் நாள் சந்தையில், விலாசினியின் வாழைக்குலைக் கடை வாசலில், கண் இருட்டி விழுந்தாள்.

விலாசினி முகத்தில் தண்ணீர் தெளித்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அவளைச் சாக்கின்மேல் உட்கார வைத்தாள். ஆசிரமத்துக்குக் குலை போடுகிறவளும் இந்த விலாசினிதான். அதே நேரம் அவள் போனில் சுவாமியின் குரல் செய்தி வந்தது. "விலாசினீ, வெள்ளிக்குப் புதுக் கூட்டம் தொடங்குது. பழையபடி சின்னக் குலை மதி, அது போதும். எட்டு கிலோவுக்கு மேல வேண்டாம்."

விலாசினி போனைப் பார்த்தாள். போன கூட்டத்தின் கடைசி வெள்ளிக்குப் பன்னிரண்டு கிலோ குலையாகப் பொறுக்கி அனுப்பச் சொன்னவர் இதே ஆள். வாரத்துக்கு வாரம் பெரிய குலை கேட்டவரும் இவர்தான். அவள் நிறுத்து விற்கிறவள். கையில் தூக்கினாலே எடை சொல்லுவாள்.

"அக்கா, நீ எத்தனை கிலோ குறைஞ்சே?"

"நாலு குலை."

"கிலோ கேட்டேன் அக்கா."

"துலாபாரத்துல யாராவது கிலோ கேப்பாங்களா, மக்கா? எத்தனை எண்ணம்னாக்கும் கணக்கு."

விலாசினி விஷயத்தை விளக்கிச் சொன்னாள். ஆனந்தபாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சந்தேகப்பட்டா கட்டு அவிஞ்சிரும். இந்தத் தடவை விட்டா எனக்க முட்டு போச்சு." விலாசினிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இத்தனை நாளும் இவளை ஏமாற்றியது தன் கடைக் குலை அல்லவா?

வெள்ளிக்கிழமை புதுக் கூட்டத்தின் வரிசையில் விலாசினி நின்றாள். தள்ளுவண்டியில் அவள் வீட்டு அம்மிக்கல். அதன்மேல் மடித்துப் போட்ட ஒரு நேரியல் துண்டு, மரியாதைக்கு.

"சுவாமி, எனக்க அம்மிக்குக் கனம் கூடிப்போச்சு. நகத்தித் தரையத் தூத்துவாரக் கூட முடியல்ல. இதுக்கும் ஒரு பசிக்கட்டு கட்டித் தாரும்."

சுவாமி சிரித்து மழுப்பப் பார்த்தார். விலாசினி பேனரைக் காட்டினாள். கல்லும் இளைக்கும். "அதானே! சுவாமியால முடியாததா?" என்று பொன்னப்பன் கத்தினார். கூட்டமும் கத்தியது. பக்தர்கள் கத்தினால் சுவாமிகளுக்கு வேறு வழி கிடையாது. அம்மிக்கு இடுப்பு எது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. பிறகு நடுவில் கயிறு கட்டினார்கள். தட்டில் ஏற்றினார்கள். ஆறு குலை. அடுத்து ஏறிய ஆனந்தபாய், மறுபடி பன்னிரண்டு.

ஆறாவது வெள்ளியும் வந்தது. ஆனந்தபாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கவே தெம்பில்லை. மறுவாரம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். இந்த முறையும் தேதி தவறினால் மூன்றாவது முறை கேட்க அவளுக்கு முகம் இல்லை.

அம்மியை ஏற்றினார்கள். சுவாமியின் ஆள் பழக்கதோஷத்தில் குலைகளை அடுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தட்டு சமமாக நின்றது.

எண்ணியவர்கள் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். பிறகு கூரை பறந்தது. "ரெண்டு குலை கொறஞ்சாச்சு! கல்லு இளைச்சாச்சு!" பொன்னப்பன் அம்மியைக் கட்டிப்பிடித்தார். ஒருவர் அம்மியின் பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர், அம்மி கஞ்சித்தண்ணீரை உப்புப் போட்டுக் குடித்ததா, போடாமலா என்று விசாரித்தார். சுவாமிக்கே ஒரு கணம் தன் சக்தியில் நம்பிக்கை வந்துவிட்டது போலிருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆசி வழங்கினார்.

"கொறச்சு நேரம் நில்லுங்க," என்றாள் விலாசினி. "எனக்க அம்மி பட்டினியே கெடக்கல்ல. தினமும் தேங்காயும் மொளகும் வச்சு அரைச்சேன். ஞாயித்துக்கிழமை மீனுக்கு மல்லியும் அரைச்சேன். பின்ன எங்கன இளைச்சுது?"

அவள் தள்ளுவண்டியிலிருந்து ஒரு குலையை எடுத்தாள். முதல் வெள்ளிக்கு அனுப்பிய அளவில் ஒன்று. அதை ஒரு தட்டில் வைத்தாள். சுவாமியின் ஆள் அன்று அடுக்கிய நாலு குலையில் ஒன்றை எடுத்து எதிர்த்தட்டில் வைத்தாள். அந்தத் தட்டு டம்மென்று தரையில் இடித்தது. சின்னக் குலை மேலே போய் ஆடியது.

"இது எட்டு கிலோ. அது பன்னெண்டு. முதல் வாரம் சின்னது, கடைசி வாரம் பெருசு. இளைச்சது நீங்க இல்ல. பெருத்தது குலையாக்கும்." போனை எடுத்து, சுவாமி அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொன்றாக மைக்கின் முன்னால் போட்டாள்.

வாரத்துக்கு வாரம் குலை பெருத்ததை இத்தனை பேரில் யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். "சுவாமி அருளால் குலைகூடத் தளதளவென்று ஆகிறது" என்று கும்பிட்டார்கள்.

சுவாமி தொண்டையைச் செருமினார். "பக்தர்களுக்க கனத்தை அந்தக் குலை வாங்கிக்கிட்டது..." என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் பாதி அதற்கும் தலையாட்டத் தயாராக இருந்தது. அப்போதுதான் ஆனந்தபாய் சுவரை விட்டு வந்தாள். பன்னிரண்டு கிலோ குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தாள். உரித்தாள். எல்லாரும் பார்க்க, நிதானமாகத் தின்றாள்.

"எனக்குப் பசிக்குது," என்றாள். "மூணு மாசமா பசிக்குது. இது சதாசிவனுக்க பசி இல்ல. எனக்க பசியாக்கும்."

இடுப்புக் கயிற்றை அறுத்துத் தட்டில் போட்டாள். அதற்குப் பிறகு முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் பசி திரும்ப வந்துவிட்டது. குலைகள்மேல் விழுந்தார்கள். அந்த அமளியில் லகுவானந்தர் பின்வாசல் வழியே பழ டெம்போவில் ஏறப் பார்த்தார். நிஜமாகவே லகுவாக இருந்திருந்தால் ஏறியிருப்பார். பாதியில் மாட்டிக்கொண்டவரைப் போலீஸ் வந்துதான் இறக்கியது.

ஆனந்தபாய் இப்போது மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறாள், டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து. முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது. நடுவில் ஒரு வாரம் அரைக் கிலோ ஏறியது. டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "ஒரு கல்யாண வீட்டுல பாயசம் குடிச்சேன் டாக்டர். நானேயாக்கும் குடிச்சேன்," என்றாள். டாக்டர் திட்டவில்லை. அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விலாசினி வீட்டு வாசலில் பதினாறு பேர் பூமாலையோடு நின்றார்கள், பொன்னப்பன் தலைமையில். சுவாமி கள்ளனாக இருக்கலாம், ஆனால் இளைத்த அம்மி இளைத்ததுதானே, அதைத் தொட்டுக் கும்பிட வேண்டுமாம்.

விலாசினி மாலைகளை வாங்கித் திண்ணையில் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு படி மிளகாயும் குழவியும் கொண்டுவந்து வைத்தாள். "கும்பிட வேண்டாம். ஆளுக்குக் கொறச்சு மொளகாய் அரைங்க. நல்லா வேர்க்கும். நெசமாவே இளைப்பீங்க."

அம்மிக்கு மூளை கிடையாது. ஆனால் அது தானாக எந்த சுவாமியிடமும் போய் வரிசையில் நிற்கவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூளை உள்ளவர்கள் ஆட்டோ பிடித்துப் போனார்கள். அடுத்த தடவை யாராவது உங்களைத் தட்டில் ஏறச் சொன்னால், ஏறுவதற்கு முன்னால் எதிர்த்தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.