மந்தியக்காவுக்குக் கிடைத்த தொப்பி

ஒரு காட்டில் எப்போதோ கேட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மர உச்சியில் மந்தி ஒன்று இருமும்: கஃ, கஃ. புலி வருகிறது என்று பொருள். கீழே மேயும் மான்கள் தலை நிமிரும். மறுகணம் புல்வெளியில் ஒன்றும் இருக்காது.

அந்தக் காட்டுக்கு இணையம் வந்தது. நரிதான் திட்ட அதிகாரி. கோபுரம் நட ஒரு திறந்தவெளி தேவைப்பட்டது. புலி தன் இடத்தை இலவசமாகவே கொடுத்தது. திறந்துவைத்ததும் புலிதான். மான்கள் குளம்புகளைத் தட்டி ஆரவாரம் செய்தன.

“இனி யாரும் காட்டுத்தனமாகக் கத்தக் கூடாது. கத்தினால் அபராதம்,” என்றது நரி. “புலியைப் பார்த்தால் மந்தி செய்தி அனுப்பும். எல்லார் கைப்பேசியிலும் மணி அடிக்கும்.”

மந்திக்குக் கைப்பேசியும் தொப்பியும் பதவியும் கிடைத்தன.

பால்குடி மறவாத குட்டியோடு ஒரு தாய்மான் மரத்தடிக்கு வந்தது.

“அக்கா, உன் மரத்துல சிக்னல் இருக்கா?”

“கோபுரத்தடியில மட்டும்தான். இங்க அடுத்த கட்டத்துல வருமாம். நீ குட்டியைக் கூட்டிக்கிட்டு அங்கயே போயிடு. செய்தி அங்கதான் கிடைக்கும்.”

“அங்க கிடைக்கும், சரி. இங்கயிருந்து போகுமா?”

“உனக்கு எப்பவும் குத்தம் சொல்லியே பழக்கம்,” என்றது மந்தி, தொப்பியைச் சரிசெய்தபடி.

தாய்மான் போயிற்று. கத்த யாருமில்லாத காட்டில் வேறெங்கே போகும்? கோபுரத்தடியில் எல்லா மான்களும் குனிந்து நின்றன, புல்லுக்காக அல்ல. புலிக்கு இரை தேடி அலையும் வேலை மிச்சமாயிற்று.

ஒரு மாலை புலி புதரை விட்டுக் கிளம்புவதை மந்தி பார்த்தது. தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு, ‘புலி வருகிறது’ என்று தட்டியது. செய்தி போகவில்லை, திரையில் வட்டம் சுற்றியது. கைப்பேசியை உயரத் தூக்கிப் பார்த்தது. பிறகு கிளை கிளையாகத் தாவிக் கோபுரத்தடிக்கு ஓடிவந்து, மான்களின் எதிரிலேயே நின்று, அப்போதும் வாயைத் திறக்காமல், அனுப்பியது.

எல்லாக் கைப்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன.

“எவ்வளவு தெளிவா வருது பாருங்க,” என்றது ஒரு கிழட்டு மான். “சரி, இப்ப ஓடலாம்.”

மான்கள் ஓடின. தாய்மான் மட்டும் புல்லில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தபடி நின்றது.

“நீ வர்றதுக்குள்ள புலி வந்து குட்டியைத் தூக்கிட்டுப் போயிடுச்சுக்கா,” என்றது. “நான் கதறினேன். மணி அடிக்கலையேன்னு யாரும் தலையைத் தூக்கல.”

செய்தி அனைவருக்கும் சென்று சேர்ந்தது, புகார் எதுவும் இல்லை என்று நரி அறிக்கை கொடுத்தது. நல்ல திட்டம் என்று புலி பாராட்டியது.

நீதி: ஆபத்தை முன்னால் கத்திச் சொன்னால் காட்டுப்பிராணி, முடிந்தபின் முறைப்படி தெரிவித்தால் அதிகாரி. மந்தி இப்போது பக்கத்துக் காட்டுக்கும் சேர்த்து மேற்பார்வையாளர்.