தங்கள் தலைக்கவசம் போலியே என்னும் நற்செய்தி

அன்புள்ள இளைய சகலைக்கு,

மூத்த சகலை எழுதுவது. இங்கே நானும் உங்கள் மனைவியின் அக்காளும் நலம். அங்கே நீங்களும் என் மனைவியின் தங்கையும் நலமாயிருக்கவும், இதை உட்கார்ந்த நிலையில் படிக்கவும் விழைகிறேன்.

முதலில் நற்செய்தி. வெளிநாட்டு வேலை முடிந்து திரும்பும்வரை என் பொறுப்பில் நீங்கள் விட்டுச்சென்ற, உச்சியில் கூர் வைத்த அந்த ஜெர்மன் ராணுவத் தோல் தலைக்கவசம் போலி. நிபுணரே சொல்லிவிட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு நேற்றுத்தான் சோறு தொண்டையில் இறங்கியது.

நடந்ததைச் சொல்கிறேன். ஊர் திரும்பியதும் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள் அல்லவா, அதற்குள் அசல் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைத்தால் மகிழ்வீர்களே என்று பழம்பொருள் நிபுணர் ஒருவருக்குத் தொலைபேசினேன். மெருகு போடாதீர்கள், துடைக்காதீர்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "கூர் கழலுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்தேன், கழலவில்லை. அவர் கேட்ட ஒரே காரியத்தைக்கூட முடிக்காமல் எந்த முகத்தோடு போய் நிற்பது? கவசத்தை உங்கள் மனைவியின் அக்காளிடம் பிடிக்கச் சொல்லித் திருகினேன். அவள் சுற்றினாள், கூர் சுற்றவில்லை. "விட்டுத்தொலைங்களேன்! என் தங்கச்சி வீட்டுச் சாமான். ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள். நான் எண்ணெய் விட்டேன். அது கூருக்குள் இறங்காமல் தோலுக்குள் இறங்கி, விறைப்பாக இருந்த முன்விளிம்பு சோர்ந்து தொங்கியது. வெயிலில் வைத்தேன், நிமிர்ந்தது, ஆனால் வேறு பக்கமாக. பூட்டுக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது திருகுற ஐட்டம் இல்ல. உள்ள நாலு காலையும் மடக்கி அடிச்சிருக்கான்" என்றார்.

"நூறு வருஷமா இறுகியிருக்கும். நீங்க கழட்டுங்க."

"சாமான் உங்களோடதுதானே?"

"எங்க சகலையோடது."

"அப்பச் சரி" என்று அரத்தை எடுத்தார்.

கழன்றது. வெறும் ஓட்டையாக விடுவானேன் என்று கடைமூலையில் கிடந்த பழைய பித்தளைத் துண்டில் மரை வெட்டி, அதே கூரைத் திருகி மாட்டிக் கொடுத்தார். "ஒரு திருகுல வரும், ஒரு திருகுல போகும். செஞ்சவனே இவ்ளோ வசதி பண்ணல சார்!" அன்று முதல் அக்காள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நீங்கள் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் நான் குளிக்கப் போனேன். ஒரே வாரத்தில் பதினொரு முறை குளித்தேன்.

நேற்று, வருவது வரட்டும் என்று நிபுணரிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தோலைப் பார்த்து "ம்" என்றார். தையலைப் பார்த்து "ம்ம்" என்றார். உள்ளே குத்தியிருந்த முத்திரையைப் பார்த்து "அடேயப்பா" என்றார். கடைசியில் கூரைத் தொட்டுத் திருகினார், கையோடு வந்தது. சிரித்துவிட்டார். "போலி சார். காரணத்தைத் தபால்ல எழுதி அனுப்புறேன்." காரணம் யாருக்கு வேண்டும்? கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். "போலின்னா எல்லாரும் அழுவாங்க, நீங்க என்ன சார்?" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்காள் வாயைத் திறந்தாள்: "போலியா? அப்பாடா!"

ஆகவே நீங்கள் எதற்கும் வருந்த வேண்டாம். கவசம் இப்போது பால்கனியில் மல்லாந்து தொங்குகிறது. அக்காள் அதில் மணி பிளான்ட் வைத்திருக்கிறாள். உச்சியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் நன்றாக வடிகிறது. கூர் என் மேசையில், தங்கள் கடிதங்களைக் குத்தி வைக்க உதவுகிறது.

சகல நலங்களும் பெற்றுச் சகலை வாழ்க. தங்கைக்கு எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதியுடன்,
மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நிபுணரின் கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்: "தோல், தையல், முத்திரை மூன்றும் அசல் போலவே உள்ளன. ஆனால் முத்திரையிலுள்ள ஆண்டில் காலாட்படைச் சிப்பாய்க்குக் கொடுத்த கவசத்தில் கூர் கழலாது. இதில் கழல்கிறது. ஆகவே போலி." நாற்பது ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்ற முறையில் ஒரு சிறு திருத்தம்: 'கழல்கிறது' என்பதைக் 'கழற்றிவிட்டார்கள்' என்று வாசிக்கவும். அதற்கடுத்த வாக்கியத்தை, தங்கை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே திருத்திக்கொள்ளவும்.