வாய்தாவுக்கு வந்த கிடாய்

"இன்னைக்கே உன்னை விட்டுருவாங்கப்பா" என்று வக்கீல் சென்னகிருஷ்ணன் சொன்னதும், குற்றவாளிக் கூண்டில் நின்ற எல்லப்பனுக்கு அழுகை வந்தது. கேஸ் முடிந்துவிட்டால் பெண்டாட்டி முனிலட்சுமியை எங்கே போய்ப் பார்ப்பான்?

அவளை ஆடிக்கு அழைத்துப்போன மாமனார் திம்மராயன், தை பிறந்தும் அனுப்பவில்லை. ஆடி விருந்துக்குக் கிடாய் அடிக்காமல் கோழியோடு முடித்துவிட்டார்களே என்று இவன் வாயை விட்டதில் வந்த வினை. பிறகு ஒரு நாள் விடிந்து பார்த்தால், இவன் கொல்லையில் மாமனாரின் கிடாய் நிற்கிறது. எப்படி வந்ததென்று சத்தியமாக இவனுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அவளைப் பார்த்துவிடலாமே என்று சலவை வேட்டியைத் தேடுவதற்குள், மாமனார் போலீசோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா ஓசூர் கோர்ட்டில்தான் அவள் முகம். பாகலூரிலிருந்து அப்பாவுக்குப் பின்னால் வருவாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அது போதவே இல்லை. ஆனாலும் அடுத்த வாய்தாவரை அதை நினைத்துக்கொண்டுதான் இவன் நாளை ஓட்டினான்.

வாசலில் கோர்ட்டுச் சேவகன் கரியப்பன், சாட்சிப் பொருளான கிடாயை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். தமிழில் "வா" என்றான், தெலுங்கில் "ரா" என்றான், கன்னடத்தில் "பா" என்றான். கிடாய் அசையவில்லை.

முனிலட்சுமி சாட்சிக் கூண்டில் ஏறினாள்.

"கிடாயை யார் ஓட்டிட்டுப் போனதும்மா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"நான் யாரையும் பாக்கலீங்க."

சர்க்கார் வக்கீல் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "கனம் கோர்ட்டார் அவர்களே, என் சாட்சியே பிறழ்ந்துட்டா. குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேணும்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குச் சாதகமாச் சொல்லலைங்கறதுக்காக மட்டும் அனுமதி தந்துட முடியாது. ஆனா போலீஸ்ல சொன்னதுக்கு நேர்மாறா இருக்கு. கேளுங்க."

"புருஷன்தான் ஓட்டினார்னு போலீஸ்ல சொன்னியா இல்லையா?"

"அப்பா சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

"புருஷன் மேல இருக்கற ஆசையில இப்ப பொய் சொல்றே. பொய்ச்சாட்சிக்கு ஜெயில் தெரியுமா?"

அவள் கண் கலங்கியது. எல்லப்பனால் தாங்க முடியவில்லை.

"அவளை விட்ருங்க சாமி! நான்தான் ஓட்டிட்டுப் போனேன்!"

சென்னகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார். "என் கட்சிக்காரனே எனக்குப் பிறழ்ந்துட்டான். இவனை நான் குறுக்கு விசாரணை செய்ய..."

"அதுக்குச் சட்டத்துல இடமில்லை, உக்காருங்க. ஏம்பா, எப்படி ஓட்டினே?"

"கயித்தைப் புடிச்சு இழுத்தேன் சாமி. வந்துருச்சு."

"பொய்!" என்று கத்தினாள் முனிலட்சுமி. "இழுத்தா அது வராதுங்க!"

"இழுத்துக் காட்டட்டும்" என்றார் மாஜிஸ்திரேட்.

எல்லப்பன் வாசலுக்குப் போய் இழுத்தான். கிடாய் முட்டிய முட்டில் படியில் உருண்டு விழுந்தான். திம்மராயன் தடுப்பதற்குள் முனிலட்சுமி கூண்டிலிருந்து ஓடிவந்தாள்.

"அடி பட்டுருச்சா?"

ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் இவனிடம் பேசிய முதல் வார்த்தை. வலி எங்கே என்றுகூட இவனுக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கி, உள்ளே பெஞ்சுக்கு நடத்திக்கொண்டு போனாள். கிடாயும் அவள் முந்தானையை முகர்ந்துகொண்டே கோர்ட்டுக்குள் வந்தது.

கரியப்பன் கயிறு இல்லாத தன் கையைப் பார்த்தான். பிறகு திம்மராயனைப் பார்த்தான்.

"உங்க பொண்ணு பின்னாடி மட்டுந்தான் இது நடக்குது பெரியவரே. அப்ப பாகலூர்லருந்து மருமவன் கொல்லைக்கு இது யார் பின்னாடி நடந்து போயிருக்கும்?"