கறை போன கோமாளிகள்

“ரத்தம் எங்க அத்தான்?” என்று கேட்டான் மச்சினன்.

சலவைக்கடைக்காரர் மூன்றாவது கோமாளிச் சட்டையையும் தேய்த்துக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“போயிடுச்சு” என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. லேசில் போகிற கறையா அது? நேற்று முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நான்கு முறை அலசியிருந்தார். இப்போது வெள்ளைத் துணியில் அச்சிட்ட மஞ்சள் வட்டங்கள் மட்டும்தான் மிச்சம். கொலைகாரக் கோமாளிகளின் சட்டைகள், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி கம்பியில் வரிசையாகத் தொங்கின.

மச்சினன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். அவர் மனைவியின் ஒரே தம்பி. எப்போதோ ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடியிருக்கிறான். அன்றிலிருந்து சினிமாவில் அவனுக்குத் தெரியாதது இல்லை. ஒரு காட்சியில் சட்டை எப்படி இருந்ததோ அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தம் இடம் மாறினாலும் ரசிகன் பிடித்துவிடுவான் என்று விளக்கினான். மூடிக்கிடந்த பொம்மைத் தொழிற்சாலையில் பத்து நாளாகப் படம் எடுக்கிறார்கள். சின்னக் கம்பெனி. கோமாளிக்கு ஒரு சட்டை. மாற்றுச் சட்டை கிடையாது.

“தேய்க்க மட்டும் கொடுத்திருப்பாங்க. நீங்க வெளுத்துட்டீங்க. அந்தப் பொண்ணு என்னதான் சொல்லிச்சு?”

அதுதான் அவருக்கு நினைவில்லை. படத்தின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் நேற்றுக் காலை மூட்டையோடு வந்தாள். செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே அவரிடமும் ஏதோ சொன்னாள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மனைவி இருந்தவரை இப்படி நடக்காது. வந்தவர் வாயைத் திறக்கும்போதே அவள் சீட்டு எழுத ஆரம்பித்துவிடுவாள். ‘காலருக்கு மட்டும் கஞ்சி.’ ‘பட்டன் தளர்வு, சொல்லியாச்சு.’ எழுதி, மேசை மூலையில் இருக்கும் கம்பியில் குத்திவைப்பாள். அவள் போய் எட்டு மாதம். கம்பி அங்கேயே இருக்கிறது. பென்சிலும் நூலில் கட்டித் தொங்குகிறது. அந்த மூலைப் பக்கம் அவர் திரும்புவதில்லை.

எட்டு மாதத்தில் இரண்டு பேருடைய துணி மாறிப்போனது. இன்னும் ஒரு புகார் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிட வேண்டும் என்று மகள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். வேண்டுமானால் அந்தப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். அங்கே அதை எதில் கட்டித் தொங்கவிடுவது என்று அவர் கேட்கவில்லை.

சட்டைகளை எடுக்க நாலு மணிக்கு வருவார்கள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். அணைத்து வைத்திருந்தாள்.

“விடுங்க. என்கிட்ட போட்டோ இருக்கு” என்றான் மச்சினன். முந்தாநாள் படப்பிடிப்பில் மூன்று கோமாளிகளுக்கு நடுவே நின்று அவன் எடுத்துக்கொண்ட செல்ஃபி. எங்கே எவ்வளவு ரத்தம் என்று துல்லியமாகத் தெரிந்தது.

சிவப்புத் துணிச்சாயம் வாங்கிவந்து கரைத்தார்கள். முதல் சட்டையில் அது ரோஸ் நிறமாகப் படிந்தது. கோமாளி ஐஸ்கிரீம் சாப்பிட்டுச் சிந்திக்கொண்டது போலிருந்தது. மச்சினன் தன் பால் விடாத கட்டங்காப்பியை அதில் ஊற்றினான். நிறம் அசல் ரத்தமாகிவிட்டது. கஷ்டம் கடைக்காரருக்குத்தான். வலது கை ஒரு சொட்டு வைத்தால், முப்பது வருடப் பழக்கத்தில் இடது கை தானாகச் சோப்பைத் தேடிப் போனது.

மூன்றையும் முடித்து நிமிர்ந்தபோது மணி இரண்டு. அப்போதுதான் கவனித்தார். சட்டையில் பாக்கெட் இடது பக்கம். போட்டோவில் வலது பக்கம்.

“உன் போன் எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டுதுடா.”

மச்சினன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அதனால என்ன? இந்தப் பக்கமும் வச்சிடுவோம். கொலைகாரனுக்கு ரெண்டு கைப் பழக்கமும் இருக்கக்கூடாதா?”

வைத்தார்கள். இப்போது கோமாளிகள் கொன்றவர்கள் போல் இல்லை, கொல்லப்பட்டவர்கள் போல் இருந்தார்கள். ரத்தம் கம்பியில் தொங்கும் சட்டையில் தெறிப்பதில்லை, ஆள்மேல்தான் தெறிக்கும் என்று மச்சினன் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். கடைக்காரர் பிரஷ்ஷை உதறினார். உதறிய வேகத்தில் பாதி அவன்மேல் விழுந்தது. மீதி பின்னால் தொங்கிய பல் டாக்டரின் மூன்று வெள்ளைக் கோட்டுகளில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்தார். சொட்டச் சொட்ட நின்ற கோமாளியைப் பார்த்தார். கடைக்காரரின் சிவந்த கைகளைப் பார்த்தார். கடைசியாகத் தன் கோட்டுகளைப் பார்த்தார்.

“நானே இத்தனை வருஷத்துல இவ்வளவு ரத்தம் பார்த்ததில்லை” என்றார்.

ஏற்கெனவே தன்னைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் தன்னிடம் வருகிறார்கள் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, இருந்ததில் சுமாரான கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு போனார். மற்ற இரண்டும் ஐந்து மணிக்குள் வேண்டுமாம்.

ஆகவே கடைக்காரர் ஒரு வாளியில் கறை எடுத்தார். அடுத்த வாளியில் மச்சினன் கறை கலக்கினான். ஒருமுறை வாளி மாறிப்போனது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றரை ஆகியும் சட்டைகள் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி அழுத்தித் தேய்த்தார். ஆவி பறந்தது, சாயம் இறுகியது. அந்தச் சூடு பட்ட சாயத்தை இனி எந்தத் தண்ணீரும் அசைக்காது என்று தொழில் தெரிந்த அவருக்குத் தெரியும். முதல்முறையாக அதில் ஒரு நிம்மதி இருந்தது. மடித்து, காகிதம் சுற்றி, நூல் கட்டினார்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் ஓடிவந்தாள். ஆட்டோ அணைக்காமல் நின்றது.

“அப்படியே இருக்கும்மா. ஒரு பொட்டுகூடப் போகலை” என்றார்.

அவள் கட்டைப் பிரித்தாள். ஒரு சட்டையை விரித்தாள்.  பிறகு மச்சினன் முன்பு உட்கார்ந்த அதே படியில் போய் உட்கார்ந்தாள்.

“தொழிற்சாலை பத்து நாள்தான் கிடைச்சுது. அதனால கடைசி சீனை முதல்லயே எடுத்து முடிச்சோம். இன்னைக்குத்தான் முதல் சீன். பிறந்தநாள் விழா. முப்பது குழந்தைங்க பலூனோட உட்கார்ந்திருக்கு. கோமாளிங்க சிரிச்சுக்கிட்டே கேக் எடுத்துட்டு வரணும்.”

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டார். மச்சினனுக்குத்தான் கோபம் வந்தது. “அதை நேத்தே சொல்லிட்டுப் போறதுக்கென்ன?”

அவள் மேசை மூலையைக் கைகாட்டினாள். “சொன்னேங்க. ஐயா காதுல வாங்கலைன்னு தெரிஞ்சுது. அதான் அந்த நூல்ல தொங்குற பென்சிலை எடுத்து, ‘ஒரு பொட்டு ரத்தம் இருக்கக் கூடாது’ன்னு நானே எழுதி அந்தக் கம்பியில குத்திட்டுப் போனேன்.”